மாமனார் பெயரில் ஒரு நாய்

வாசகி கடிதம்:

வணக்கம்.

நாய்க்கு என்ன பெயர் வைப்பது என்பதெல்லாம் ஆலோசகருக்கு எழுதுகிற விஷயமா என்று நீங்கள் சிரிக்கலாம். எழுத உட்கார்ந்தபோது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் ஒரு இரண்டெழுத்துப் பெயரால்.

நாங்கள் சிங்கப்பூரில், அங் மோ கியோவில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், மாமியார். எனக்கு வயது 41. ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். மாமனார் போன வருடம் தவறிவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு, வேலைக்குப் போகிற மாதிரியே சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். தலைத் திவசம் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் போனதிலிருந்து வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான். அத்தை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் விளக்கேற்றும் நேரம் வரை அசைய மாட்டார்.

மகள் ரொம்ப நாளாக நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தைக்கும் ஒரு துணை என்று எனக்குத் தோன்றியது. கடையில் காசு கொடுத்து வாங்க மனமில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சிறிய இனமாக இருக்க வேண்டும். ஆனால் மீட்கப்பட்ட உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கு 2012 முதல் ‘அடோர்’ திட்டத்தில் வழி விட்டிருக்கிறார்கள். தோள்வரை உயரம் 55 செண்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்தத் திட்டத்தில் எடுக்கலாம் என்று ஒரு மீட்புக் குழுவின் காப்பகத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு கூண்டில் வெளிர்ப்பழுப்பு நிறத்தில் ஒன்று படுத்திருந்தது. நான்கு வயதிருக்கும் என்றார்கள். வலது காது மடிந்தே கிடக்கும். கூண்டில் மாட்டியிருந்த அட்டையில் அதன் பெயரை, ஆங்கிலத்தில் ‘பணம்’ என்று அர்த்தம் வரும் எழுத்துகளில் எழுதியிருந்தார்கள். என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். தொண்டூழியர் ஒரு சீனப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். ‘மனி, மனி’ என்று கூப்பிட்டார். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்டேன். துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த ஊழியர் சோறு போட்டு வளர்த்த நாய், அவர் வைத்த பெயர் என்றார். வேலை முடிந்து தளத்தை மூடியபோது அவர் ஊருக்குத் திரும்பிவிட்டாராம். அதன் பிறகு ஒன்றரை வருடமாகக் காப்பகத்தில் இருக்கிறதாம். ஊழியர் எந்த ஊர்? இந்தியா என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “டேய் மணி, இங்க வாடா” என்றேன்.

மடிந்து கிடந்த அந்தக் காது பாதி எழுந்தது. அப்புறம் வால். அப்புறம் முழு உடம்பும் ஆடிக்கொண்டு எழுந்து வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது. அந்தச் சீனப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வேறு நாயைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் மாமாவின் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டான். நான் பதறிப்போய், “மணி! ச்சீ! இறங்கு கீழ!” என்று கத்தினேன். அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அத்தை ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவும் வரவில்லை. படுக்கப் போகும்போது கணவர் கேட்டார், “ஒனக்கு வேற பேரே கெடைக்கலியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் பெயர் சுப்பிரமணியம். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கெல்லாம் அவர் மணி. இறுதிச்சடங்கில் நான்கைந்து கிழவர்கள் ‘மணி, மணி’ என்று பெட்டியைத் தட்டி அழுதார்கள். ஆனால் எனக்கு அவர் மாமா, பிள்ளைகளுக்குத் தாத்தா. வீட்டில் அந்தப் பெயர் புழங்கியதே இல்லை. அத்தை 46 வருடத் தாம்பத்தியத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. பலதுறை மருந்தகத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால், பதில் சொல்லாமல் மாமாவின் அடையாள அட்டையை நீட்டுவார்.

இது நடந்த நாலைந்து நாளில் இன்னொன்று. மணி செருப்பைக் கடித்துவிட்டான் என்று மகன் அவனைப் பெயர் சொல்லித் திட்ட, அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் நாயைக் கூப்பிடுவது ‘இந்தா’ என்றுதான். ‘இந்தா’ என்று சொல்லித் தோசை ஓரத்தைப் பிய்த்துப் போடுவார். அதற்கு அவனும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறான். என் கணவருக்கோ அவன் ‘அந்த நாய்’தான். “அந்த நாய்க்குத் தண்ணி வெச்சியா” என்பார். ஆனால் தினமும் ராத்திரி பதினோரு மணிக்கு அவனை நடக்கக் கூட்டிப் போவதும் அவர்தான். பீஷான் பூங்கா ஆற்றோரம் போய்விட்டுத் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

“அம்மா மனசு கஷ்டப்படுது, இந்த வாரமே பேரை மாத்து. தீபாவளிக்குச் சொந்தக்காரங்க வந்து, அப்பா பேர நாய்க்கு வெச்சிருக்கீங்களான்னு கேட்டா நான் என்ன சொல்றது?” என்கிறார் கணவர். மகள் மோச்சி என்று வைக்கலாம் என்கிறாள். மகனுக்கு மணிதான் வேண்டும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஊழியர் புதுக்கோட்டைப் பக்கம். தொண்டூழியர் மூலம் வாட்ஸ்அப்பில் தொடர்பு கிடைத்தது. படம் அனுப்பினேன். குரல்பதிவில் பதில் வந்தது: “அக்கா, மணிய நல்லாப் பாத்துக்கங்க. அவனுக்கு ரசஞ்சோறுன்னா உசுரு.” அந்தக் குரலைப் போட்டதும் மணி போனைச் சுற்றிச் சுற்றி வந்தான். தட்டு, கயிறு, கழுத்துப்பட்டை எல்லாம் நாங்கள் வாங்கியது. அவனுடையது என்று அவன் கொண்டுவந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் துரோகம் இல்லையா? திடீரென்று பெயரை மாற்றினால் நாய்க்கு நம்பிக்கை போய்விடும் என்று வேலையிடத்தில் ஒரு தோழி வேறு சொல்கிறாள்.

பெயரை மாற்றினால் அவன் மனம் பாதிக்குமா? மாற்றாமல் அடம்பிடித்து அத்தையை நான் நோகடிக்கிறேனா? இரண்டு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
அங் மோ கியோ

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சிரித்தேன், ஆனால் ஒரே இடத்தில்தான். மணி ‘பணம்’ ஆன இடத்தில். மற்றபடி இது சிரிக்கிற விஷயம் இல்லை.

முதலில் நாயின் பங்கை முடித்துவிடலாம். இருப்பதில் அதுதான் எளிது. பெயரை மாற்றினால் மணியின் மனம் பாதிக்காது. உங்கள் தோழி சொன்னதை மறந்துவிடுங்கள். நமக்குப் பெயர் என்றால் நாம்தான். பள்ளிக்கூடம், சாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாய்க்கு அது ஒரு சத்தம். ‘இங்கே பார், உனக்கு ஏதோ வருகிறது’ என்று சொல்லும் சத்தம். அந்தச் சத்தத்தை அது கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், பின்னணியில் பலர் பேசும் இரைச்சலை ஓடவிட்டு, நடுவே நாயின் பெயரை ஒலிக்கவிட்டார்கள். இரைச்சலும் பெயரும் ஒரே அளவு சத்தத்தில் இருந்தபோதுகூட நாய்கள் தங்கள் பெயரை அடையாளம் கண்டுகொண்டன. தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் யாரோ நம் பெயரைச் சொன்னால் காது திரும்புமே, அது மாதிரி. ஆனால் இது பிறவியில் வந்ததல்ல, பழகி வந்தது. பழகி வந்ததை இன்னொரு தடவையும் பழக்கலாம்.

இதற்கு மேரிலாந்து வரைகூடப் போக வேண்டாம். உங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது. ‘இந்தா’ என்றால் ஓடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தோசை வந்தது, அவ்வளவுதான். மணிக்கு ஏற்கனவே இரண்டாவது பெயர் வந்தாயிற்று, நீங்கள்தான் கவனிக்கவில்லை.

மாற்றுவது என்று முடிவானால் முறை இதுதான். வீட்டில் சத்தம் குறைவாக இருக்கும் நேரத்தில் புதுப் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். சொன்ன கையோடு உப்புப் போடாமல் அவித்த கோழித் துண்டு ஒன்று. திரும்பிப் பார்த்தால்தான் தருவேன் என்று முதல் இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம். சொல், கொடு. ஒரு தடவைக்குப் பத்துத் துண்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அப்புறம் புதுப் பெயரை முதலிலும் பழைய பெயரை அடுத்தும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பெயரிலேயே தலை திரும்ப ஆரம்பித்ததும் இரண்டாவதை விட்டுவிடலாம். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். வீட்டில் ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். மகள் ஒன்று, மகன் ஒன்று என்று கூப்பிட்டால் ஒரு மாதமானாலும் ஆகாது. வெளியே போகும்போது எப்படியும் கயிறு கட்டாயம். ஆனால் லிஃப்ட் வாசலில் கை நழுவி ஓடினால் கூப்பிட்டு நிறுத்த ஒரு பெயர் வேண்டும், புதுசு பதியும் வரை அதற்குப் பழைய பெயர்தான். நாய் உரிமப் பதிவில் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். உடம்புக்குள் இருக்கும் அடையாளச் சில்லின் (மைக்ரோசிப்) எண் மாறாது, அதற்கு எதிரே இருக்கும் உரிமையாளர் விவரம் உங்களுடையதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். எந்தப் பெயராக இருந்தாலும் திட்டுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, ‘ச்சீ இறங்கு’ சொல்ல, எதற்கும் வேண்டாம். அதற்கெல்லாம் ‘ம்ஹும்’ என்று ஒரு சத்தம் போதும். பெயருக்குப் பின்னால் அடியும் அதட்டலும் வந்த நாய்கள் உண்டு. அந்த மாதிரி நாயை எடுத்திருந்தீர்கள் என்றால் வீட்டுக்கு வரும் வழியிலேயே பெயரை மாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் மணியின் கதை வேறு. அந்தப் பெயருக்குப் பின்னால் அவனுக்கு ரசஞ்சோறு வந்திருக்கிறது.

அவன் கொண்டுவந்தது பெயர் ஒன்றுதான் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் தமிழைக் கொண்டுவந்திருக்கிறான். காப்பகத்தில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ‘மனி’ என்று ஒன்றரை வருடம் கேட்டவன் கண்ணை மட்டும் திறந்தான். நீங்கள் சொன்ன ‘டேய்’, ‘இங்க வாடா’, அந்த ணகரம், அந்த இழுப்பு, அதற்குத்தான் எழுந்து வந்தான். மெக்சிகோவிலிருந்து ஹங்கேரிக்குத் தன் நாயோடு குடிபோன ஓர் ஆய்வாளருக்கு, ஊரே வேறு மொழி பேசுவது இதற்குத் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தது. 18 நாய்களை ஸ்கேன் எந்திரத்தில் அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் ஒரே கதையை வாசித்துக் காட்டிப் பார்த்தார்கள். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வேறு வேறு விதமாக வேலை செய்வது தெரிந்தது. 2022இல் வெளியான ஆய்வு அது. ஆகவே மோச்சி என்று வைத்தாலும் சரி, வேறெது வைத்தாலும் சரி, ‘வாடா’, ‘சாப்பிடு’, ‘உக்காரு’ எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளும் அவனிடம் தமிழில் பேசட்டும். (அவனோடாவது பேசட்டும் என்று சொல்லத் தோன்றுகிறது, அது வேறு கதை.)

அந்தப் புதுக்கோட்டைத் தம்பியிடம் குற்ற உணர்ச்சி வேண்டாம். என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கம்பத்து (கிராமத்து) வீட்டில் அடுத்தடுத்து மூன்று நாய்கள் இருந்தன. மூன்றுக்கும் பெயர் மணி. ஒன்று செத்ததும் அடுத்ததைக் கொண்டுவந்து, யோசிக்காமல் மணி என்பார். நம் ஆட்களுக்கு நாய் என்றால் வாயில் வருவது அதுதான். அந்தத் தம்பி துவாஸ் வெயிலில் நின்று ஏதோ ஒரு குட்டியைப் பார்த்து ‘மணி’ என்றபோது, சொந்த ஊர்த் தெருவில் கூப்பிடுவதைத்தான் கூப்பிட்டிருப்பார். அவர் வைத்த சொல்லைவிட வைத்த சோறு பெரிது. பெயர் மாறினால் அவரிடம் ஒளிக்காதீர்கள். ‘எங்க மாமனார் பேரும் மணி, அதனால வீட்ல வேற பேர்ல கூப்பிடுறோம்’ என்றால் அவருக்கு உடனே புரியும். அவர் ஊரிலும் மாமனார்கள் இருக்கிறார்கள்.

பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். ஆநிரை கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, ‘கோவிவன் என்னும் நாய்’ கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவனுக்கு அந்தக் கல்லால் ஒரு பயனும் இல்லை, அதற்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கல் உயிரோடு இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் இந்தப் பெயர் யாருக்கு என்னவாக இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நாய் பாட்டுக்கு எதற்கும் ஒத்துக்கொள்ளும்.

இப்போது கடினமான பாதிக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அத்தை இரண்டு தடவை எழுந்து போயிருக்கிறார். முதல் தடவை நீங்கள் ‘மணி! ச்சீ! இறங்கு கீழ!’ என்று கத்தியபோது, அதுவும் மாமாவின் நாற்காலியிலிருந்து. இரண்டாம் தடவை உங்கள் மகன் பெயர் சொல்லித் திட்டியபோது. இந்த மூன்று வாரத்தில் அந்தப் பெயரை யாராவது அன்பாகச் சொல்லி அவர் எழுந்து போனதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் மகன் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கொஞ்சலாகக் கூப்பிட்டிருப்பான், அப்போதெல்லாம் அத்தை எங்கே இருந்தார்? வாசல் நாற்காலியில்தானே? என் ஊகம் தப்பாக இருக்கலாம். ஆனால் 46 வருடம் தன் வாயால் உச்சரிக்கக்கூடத் தயங்கிய ஒரு பெயரை, அந்த மனிதர் போய்ப் பதினான்கு மாதத்துக்குள், அவர் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து ‘ச்சீ, இறங்கு’ என்று விரட்டுவதைக் கேட்டால் யாருக்கும் கரண்டி நழுவும். அவரை நோகடித்தது பெயரா, பெயரோடு வந்த ‘ச்சீ’யா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, உங்கள் கணவருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ‘அம்மா மனசு கஷ்டப்படுது’ என்று உங்கள் கணவர் சொல்கிறார். அம்மா என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கேளுங்கள். கணவர் மூலமாக வேண்டாம், நீங்களே கேளுங்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து கேட்டால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ, நாயும் பக்கத்தில் படுத்திருக்கும்போது கேளுங்கள். ‘கஷ்டமா இருக்கா அத்தை?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எனக்கென்னம்மா, ஒங்க இஷ்டம்’ என்று வரும், கதை முடிந்துவிடும். முதலில் அந்த முதல் நாளுக்காக மன்னிப்புக் கேளுங்கள். ‘அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது அத்தை, மாமா பேர்னு எனக்குத் தோணவே இல்ல.’ அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசினால் பேசட்டும். அன்றைக்குப் பேசாவிட்டால் இரண்டு நாள் கழித்து, ‘இவன எப்படிக் கூப்பிடலாம்னு நீங்க சொல்லுங்க’ என்று கேளுங்கள். மாற்ற வேண்டும் என்றால் புதுப் பெயரை அத்தையே சொல்லட்டும், மோச்சி காத்திருக்கட்டும். இருக்கட்டும் என்றாலும் இருக்கட்டும். அப்படி அவர் சொல்லிவிட்டால், தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவரிடமே விடலாம். எழுபதைத் தாண்டிய பெண்கள் இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கொடுக்கும் பதில் நமக்கு வராது.

உங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாதவர்கள் இரண்டு பேர். நீங்கள் ஒருவரைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

அத்தை அந்தப் பெயரை எப்போதுமே சொன்னதில்லை. அது அவர் பழக்கம், அவர் காலத்து மரியாதை. உங்கள் கணவருக்கு அப்படி ஒரு தடை இல்லை. ஆனாலும் ‘அந்த நாய்’ என்கிறார். அந்த நாயை விரும்பாதவர் என்றும் சொல்ல முடியாது; விரும்பாதவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடக்க மாட்டார். அப்பாவின் மரணத்தைப் பற்றி அவர் என்ன சொன்னார், எப்போது அழுதார் என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன். இல்லை. பிள்ளைகள், அத்தை, துறைமுகத்துக் கிழவர்கள், எல்லாரும் இருக்கிறார்கள். அவர் இல்லை. கொள்ளி வைத்தவர், காரியம் செய்தவர், திவசம் கொடுத்தவர் அவர்தானே? நம் ஆண்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் கை நிறைய வேலை கொடுத்துவிடுகிறோம், எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால் வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்துவிடும். ‘அம்மா மனசு கஷ்டப்படுது’ என்று அவர் சொல்வதில் அம்மாவின் கஷ்டம் எவ்வளவு, அவருடையது எவ்வளவு என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அம்மா பெயரில் சொன்னால் சொல்லச் சுலபம்.

அவரிடம் பெயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ‘ஒனக்கு வேற பேரே கெடைக்கலியா’ என்று கேட்டவரிடம் மறுபடி அதையே எடுத்தால் மறுபடி அதே சண்டைதான். ஒரு ராத்திரி நீங்களும் அவரோடு நடக்கப் போங்கள். கயிறு அவர் கையிலேயே இருக்கட்டும். போகிற வழியில் மாமாவைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். அந்தக் கிரேன் எவ்வளவு உயரம், சின்ன வயதில் துறைமுகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாரா, அந்த மாதிரி. முதல் நாள் ‘ம்’ என்பார். பரவாயில்லை. நாய் நடுவில் நடக்கும்போது ஆண்கள் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்கள் என்பது என் அனுபவம். அவருக்கு ராத்திரித் தூக்கமே இல்லை, சாப்பாடு குறைகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று மாதக்கணக்கில் நீடிப்பதாகத் தெரிந்தால் மட்டும் பலதுறை மருந்தகத்தில் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத் தூக்கமின்மை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் என் முடிவு என்ன? இந்த வாரம் மாற்றாதீர்கள். மீட்பு நாய்களுக்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தோன்றும். உங்கள் வீட்டு மனிதர்களுக்கும் மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. இரண்டு பேரிடமும் பேசிவிட்டு, யாராவது ஒருவருக்கு அந்தப் பெயர் உண்மையாகவே வலிக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டால், அன்றைக்கே கோழியை அவிக்கப் போட்டுவிடுங்கள். மணிக்கு அதில் கோழி லாபம்தான். அதுவரை ஒரே ஒரு மாற்றம்: அந்தப் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும் திட்டக்கூடாது. மகனிடம் சொல்லிவையுங்கள். மாமாவின் நாற்காலியைத் தற்காலிகமாக அறைக்குள் நகர்த்திவிட்டால் பாதித் திட்டுக்கு வேலையே இருக்காது. ஆனால் நகர்த்தும் முன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், தோசை ஓரம் தப்பில்லை. ரசஞ்சோறும் வெங்காயச் சட்னியும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, அளவு கூடினால் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். துவாஸில் சாப்பிட்டுத் தப்பித்துவிட்டான் என்பதற்காக இங்கேயும் சோதித்துப் பார்க்க வேண்டாம். சட்னி படாத ஓரமாகப் பிய்த்துப் போடும்படி அத்தையிடம் சொல்லுங்கள். இதையும் நீங்களே சொல்லுங்கள், கணவரிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.